துடைத்தெடுத்த பூச்சு

கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை எடுக்கும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. பிறவிக்குணம் என்று சொன்னால் அது பெருமையடிப்பது. பதினோரு வருடமாகச் சலவைக் கடையில் கறை மேசைக்குப் பின்னால் நின்று வந்த குணம் இது. மை, எண்ணெய், துரு, உதட்டுச் சாயம் என்று எது வந்தாலும் முதலில் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் இயந்திரத்துக்குள் போகும். எங்கள் கடை இஸ்திரிக்காரர் எனக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர் வைத்திருந்தார். அவர் கேலிக்குத்தான் வைத்தார். நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக அதை நிஜம் என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

கறை மேசையில் எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விதி உண்டு. ஆறவிடக் கூடாது. பட்ட சூட்டோடு எடுத்தால் பத்து நிமிட வேலை. ஒரு ராத்திரி ஊறிவிட்டால் துணிக்கே சொந்தமாகிவிடும். அன்று மாலை என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த விதிதான். ஏழு வயதுப் பிள்ளையின் பல் வரிசை முழுக்க மங்கலான மஞ்சள்.

“என்னடி இது?”

“பல் நர்ஸ் வந்தாங்கம்மா. குட்டி பிரஷ்ஷால பெயின்ட் அடிச்சாங்க. கூசவே இல்ல.”

பையில் ஒரு சீட்டு இருந்தது. ‘இன்று உங்கள் குழந்தையின் பற்களில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசப்பட்டுள்ளது. இன்று இரவு பல் துலக்க வேண்டாம்.’ இந்த இரண்டு வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. மேசை நாற்காலிக்கு அடிப்பதைப் பிள்ளை வாயில் அடித்துவிட்டு, துலக்கவும் கூடாதாம்! பல்லைப் பார்க்க வந்தவளே பல் துலக்காதே என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

மகளைச் சமையல் மேடையில் ஏற்றி உட்காரவைத்தேன். பிரஷ் போட்டுத் தேய்த்ததில் பாதிதான் போயிற்று. கடையில் மெல்லிய துணிகளுக்குச் செய்கிற வேலையைச் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சமையல் சோடா, விரலில் சுற்றிய, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி. ஓரத்தில் ஒரு இடம் கிளம்பியதும் காய்ந்த பசை மாதிரி மீதியும் சுருண்டு வந்துவிட்டது. எல்லாம் கால் மணி நேரம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் டாக்டரம்மா ஆவது எப்படி? கதவைத் திறந்துகொண்டு மாடிப்படிக்கு வந்து, “உங்க வீட்டுலயும் மஞ்சளா?” என்று சத்தம் போட்டேன். எங்கள் கட்டடத்தில் சத்தம் போட்டுப் பேசினால் நான்கு மாடிக்கும் கேட்கும். எதிர்வீட்டு இரட்டைப் பெண்கள் வந்தார்கள். கீழ்வீட்டு பஸ் டிரைவரின் இரண்டு பையன்கள் வந்தார்கள். எல்லா அம்மாக்களும் என் சமையலறையில். நான் சீட்டை உரக்கப் படித்துக் காட்டினேன், குரலை இழுத்து, நர்ஸ் மாதிரி நடித்து. இரட்டையரின் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டாள்.

கடைசியாக மூன்றாம் மாடியிலிருந்து என் தம்பி மனைவி வந்தாள், பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. உருவத்தை வைத்து வீட்டில் எல்லோரும் பொடிசு என்றே கூப்பிடுவோம். தம்பி மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் எந்தக் காகிதம் கையில் வந்தாலும் முழுதாகப் படிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள்.

“அண்ணி,” என்றாள் மெதுவாக, “இதுல கீழ ஏதோ போட்டிருக்கே. மஞ்சளாத் தெரியும், பயப்பட வேண்டாம், நாளைக்குக் காலையில துலக்கினா தானாப் போயிடும்னு. ராத்திரி பூரா அது இருக்கணும் போல.”

அப்போதே நான் அந்தச் சீட்டை வாங்கி மூன்றாவது வரியைப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“ஏம்மா, கறையைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், முகம் சிவக்க. பிறகு பொடிசைத் தூக்கி அவளே மேடையில் உட்காரவைத்தாள். பொடிசு என்னை நம்பி ஆவென்று வாயைத் திறந்தாள். அவள் சுபாவம் அப்படி, ஒன்று சொன்னால் அதையே பிடித்துக்கொள்வாள். ‘போதும்’ என்று நான் சொல்லும்வரை வாயை மூடவே இல்லை.

போகும்போது தம்பி மனைவியிடம் சொன்னேன்: “நாளைக்கே ஸ்கூலுக்கு எழுதிக் கொடுத்துடு. இனிமே அந்த நர்ஸ் நம்ம பிள்ளை வாயைத் தொடக்கூடாதுன்னு. நான் நேர்லயே போய்க் கேக்கறேன். எழுதறதுக்கு நீதான் லாயக்கு, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.” நானே வாசகம் சொன்னேன். அவள் என் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள்.

மறுநாள் காலை, மஞ்சள் படிந்த காஸ் துணியை ஒரு பாலிதீன் உறையில் போட்டுச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நூலக அறையில் ஒரு ஓரத்தைப் பல் நர்ஸுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. பெரிய பல் வைத்த பொம்மை ஒன்றை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் உறையை அவள் முன்னால் மேசையில் போட்டேன்.

“இதை என் பொண்ணு வாயிலேர்ந்து எடுத்தேன். என்ன அர்த்தம் இதுக்கு?”

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஐயோ, பூரா வந்துடுச்சாக்கா?” என்றாள். “எப்படி எடுத்தீங்க? அவ்வளவு சுலபமா வராதே.”

எப்படி எடுத்தேன் என்று சொன்னேன். அந்த நிமிடத்தில்கூட உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது சொல்லவே கூசுகிறது.

“அது கறை இல்லக்கா. பல்லுக்குப் பலம் ஊறணும்னு பூசறது. ராத்திரி முழுக்க ஒட்டிட்டு இருந்தாத்தான் நல்லா ஊறும். அதுக்குத்தான் இன்னைக்கு மட்டும் துலக்காதீங்கன்னு சொல்றோம்.” பிறகு, “உங்க பொண்ணு ஒருத்திக்குத்தானே?” என்று கேட்டாள்.

“ஆறு பிள்ளைங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அவள் பெருமூச்சு விட்டாள். பரவாயில்லை, கொஞ்சமாவது ஊறியிருக்கும், மறுபடியும் பூசிவிடலாம் என்றாள். பேர்களை எழுதிக்கொண்டாள். பொடிசின் பேர் வந்ததும் மேசை மேல் இருந்த ஒரு கடிதத்தை எடுத்தாள். முத்து முத்தான கையெழுத்து.

“இவங்க அம்மா மட்டும் இனிமே தொடவே கூடாதுன்னு எழுதிட்டாங்க. இந்தக் குழந்தைதான் எனக்குக் கவலைக்கா.” பல் வரிசை வரைந்த ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். “பின்னாடி புதுசா ஒரு கடைவாய்ப்பல் முளைச்சிருக்கு. ஆறு வயசுல எந்தப் பல்லும் விழாம சத்தமில்லாம வர்றதால எல்லாரும் பால் பல்லுன்னு நெனச்சுடறாங்க. இது விழுந்து முளைக்கிற பல் இல்ல, ஆயுசுக்கும் இதுதான். இவளுக்கு அதுல பள்ளம் ரொம்ப ஆழம், சாப்பிடறது உள்ள தங்கிடும். அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த வியாழக்கிழமை வர்றேன். பள்ளத்தை அடைச்சு விட்டுட்டா சொத்தை விழறது ரொம்பக் குறையும். உங்க பொண்ணுக்கும் அடைக்கணும். இவங்க அம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? நீங்க சொன்னா கேப்பாங்களா?”

“நான் சொன்னா கேப்பா” என்றேன்.

உண்மை அது. நான் சொன்னால் கேட்பாள். எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். துணி எப்படி மடிப்பது, பிள்ளைக்கு எப்படித் தலை வாருவது, பால் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று நான் சொல்லாத விஷயம் இல்லை. அந்த எட்டு வருடத்தில் ஒருநாள்கூட ‘நீ சொன்னது சரி, எனக்குத் தெரியாது’ என்று நான் அவளிடம் சொன்னதில்லை. இப்போது அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் அத்தனை பேர் முன்னால் அவள் வாயை அடைத்த பிறகு.

மற்ற வீடுகளில் சுலபமாக முடித்தேன். “நர்ஸ் இன்னொரு கோட்டிங் போடணும்ங்கிறா, போட்டுட்டுப் போகட்டுமே” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தம்பி மனைவியிடம் அந்த வித்தை பலிக்காது. அவள் முழுதாகப் படிக்கிறவள். ஏன், எதற்கு, அன்று வேண்டாம் என்றீர்களே என்று கேட்பாள்.

இரண்டு நாள் கழித்து, மடித்த துணிகளைக் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். வார்த்தைகளை எல்லாம் படியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணி,” என்றாள். “எழுத நான்தான் லாயக்குன்னு சொன்னீங்களே, அதை உங்க தம்பிகிட்ட சொன்னேன். அக்கா வாயால அப்படி ஒரு வார்த்தை வந்துச்சான்னு அவர் நம்பவே இல்ல.”

சந்தோஷமாகச் சிரித்தாள். எட்டு வருடத்தில் நான் அவளுக்குக் கொடுத்த ஒரே நல்ல வார்த்தை அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஒன்றும் தப்பான காரியத்துக்குக் கொடுத்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். டீ எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

அப்புறம் நாளை, நாளை என்று தள்ளினேன். புதன்கிழமை மாலை, இனித் தள்ள இடமில்லை என்று ஆன பிறகு, மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். தம்பி திறந்தான். உள்ளே அவள் பொடிசுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லடா. ஒரு எலுமிச்சம்பழம் இருக்கா? ஒரு சட்டையில துரு.”

எலுமிச்சம்பழத்தோடு இறங்கி வந்தேன். வீட்டுக் கூடையில் ஏற்கெனவே நான்கு இருந்தன.

வியாழக்கிழமை என் மகளின் சம்மதத் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் பின்பல் பள்ளங்களை வெள்ளையாக அடைத்துவிட்டார்கள். மகளைக் கூட்டிவரப் போனபோது பள்ளி வாசலிலேயே நர்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தக் குழந்தை அம்மாகிட்ட சொன்னீங்களாக்கா?”

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். “சொல்லிப் பார்த்தேன்மா, கேக்கல” என்றேன். அதோடு விட்டேனா? “அவ ஒரு பிடிவாதக்காரி” என்றும் சொன்னேன். நர்ஸ் தலையாட்டினாள். பெற்றவர்களே வேண்டாம் என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்றாள். வழியில் மகளிடம், “பல் அடைச்சதை மாமிகிட்ட சொல்லாதே” என்றேன். ஏன் என்று கேட்டாள். பெரியவர்கள் விஷயம் என்று அதட்டினேன்.

ஏழு மாதம் போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த ஏழு மாதத்தில் தம்பி மனைவியிடம் நான் நல்ல பேர் எடுத்தேன். அவளைக் குறை சொல்வதை விட்டுவிட்டேன். மடிப்புச் சரியில்லை என்றாலும் பேசாமல் இருந்தேன். தம்பி ஆச்சரியப்பட்டான். குற்றம் உள்ள நெஞ்சு அதட்டாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பொடிசு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அவள் எதையாவது மெல்லும்போது, எந்தப் பக்கம் மெல்கிறாள் என்று மட்டும் என் கண் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய நேரம். தம்பி மனைவி பொடிசைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“அண்ணி, இவ பல்லைக் கொஞ்சம் பாருங்களேன். பின்னாடி ஒரு கருப்பு. பத்து நாளாத் துலக்கித் துலக்கிப் பார்க்கிறேன், போகவே மாட்டேங்குது. கறைன்னா உங்ககிட்ட வராம வேற எங்க போறது?”

பொடிசு தானாகவே சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, ஆவென்று வாயைத் திறந்தாள்.

பார்த்தேன். நர்ஸ் படத்தில் காட்டிய அதே பல். பள்ளம் கருத்து, ஓரம் இடிந்து, நடுவில் ஒரு மிளகு நுழைகிற அளவுக்குக் குழி. மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

தப்பிக்க வழி இருந்தது. ‘இது சொத்தை, டாக்டர்கிட்ட காட்டு’ என்று சொன்னால் போதும். அவள் எனக்கு நன்றிகூடச் சொல்லியிருப்பாள். அந்த வாசகம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தக் குழந்தை வாயை மூடவில்லை. நான் ‘போதும்’ என்று சொல்லவில்லை அல்லவா? அதனால் எச்சில் வழிய வழியத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அத்தை எடுத்துவிடுவாள் என்று.

“இது கறை இல்லம்மா,” என்றேன். “சொத்தை. இது பால் பல்லும் இல்ல. இன்னும் வலி வரலேன்னா அடைச்சுக் காப்பாத்திடலாம், நாளைக்கே கூட்டிட்டுப் போ. ஆனா இது வந்ததுக்குக் காரணம் நான்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நீ படித்ததுதான் சரி என்றேன். நர்ஸ் இந்தப் பல்லுக்காகவே உன்னிடம் சொல்லச் சொன்னாள் என்றேன். இரண்டு தரம் உன் வீடுவரை வந்தேன், கௌரவம் பார்த்தேன், எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனேன் என்றேன். கடைசியில், உன்னைப் பிடிவாதக்காரி என்று சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றும் சொன்னேன். அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

அவள் ஒரு காகிதத்தைப் படிப்பதுபோல, கடைசி வரிவரை பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் பக்கம் பார்த்தாள்.

“உங்க பொண்ணுக்கு?”

“அடைச்சாச்சு.”

“எப்ப?”

“அந்த வியாழக்கிழமையே.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு பொடிசின் மோவாய்க்குக் கீழே இரண்டு விரலை வைத்து, மெதுவாக வாயை மூடினாள்.

“போதும்மா. இறங்கு.”

“அத்தை இன்னும் எடுக்கலையேம்மா.”

“அத்தைக்கு இது தெரியாதும்மா” என்றாள் தம்பி மனைவி. குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

நானும் கூட வருகிறேன் என்று வாசல்வரை போனேன். அவள் படியில் நின்று திரும்பி, “வேண்டாம் அண்ணி, நான் பார்த்துக்கறேன்” என்றாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. என் மகள் பென்சிலோடு வந்து என் பின்னால் நின்றுகொண்டு, “இப்ப மாமிகிட்ட சொல்லலாமாம்மா?” என்று கேட்டாள்.